உரோமையில் ஒரு வீடு

2025-ஆம் யூபிலி ஆண்டின் நவம்பரில் குடும்பமாய் உரோமை சென்றோம். விடுதியில் தங்குவதா, வீடு எடுப்பதா என்பதே முதற்கேள்வி. நகரவரி இரண்டுக்கும் உண்டு. விடுதியென்றால் அறுவருக்கு மூன்று அறைகள். வீட்டிலோ ஒரே அடுப்பு, ஒரே மேசை. ஆகவே வத்திக்கானை அடுத்த போர்கோ பகுதியில் வீடெடுத்தோம். சோறாக்கி உண்டோம், இரவில் ஒருங்கே செபமாலை சொன்னோம்.

ஆயின் மின்தூக்கி உண்டா என்று கேட்க மறந்தோம். வீடு நான்காம் மாடியில்; அம்மாவுக்கோ மூட்டுவலி. புனிதக் கதவைக் கடந்து வந்த மறுநாள் அவர்களால் படியிறங்க இயலவில்லை. ஞாயிறு நண்பகல் நாங்கள் பேராலயச் சதுக்கத்தில் திருத்தந்தையோடு மூவேளைச் செபம் சொல்ல, அம்மா சன்னலருகே மணியோசை கேட்டுத் தனியே சொன்னார்கள்.

அன்பர்களே, வீடெடுப்பது நன்றே. முதியோர் உடன்வரின், முதலில் படிகளை எண்ணுங்கள்; மின்தூக்கியுள்ள எளிய விடுதியே அவர்களுக்கு வீடு.