ஆழிக்குமரன்

கொள்ளிடத்தின் வடபால் அமைந்த ஏலாக்குறிச்சியில் நீச்சலும் மிதிவண்டியும் ஓட்டமும் சிறுவர்க்குப் புதியன அல்ல. இம்மூன்றையும் இடைவிடாது ஒருசேரச் செய்வதே டிரையத்லான் என்னும் முப்போட்டி. 1978-ஆம் ஆண்டு ஹவாயில் தொடங்கிய நெடும்போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 42.2 கிலோமீட்டர் ஓடவேண்டும். முதலாண்டில் புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர்.

இப்போட்டியில் வேகத்தினும் பொறையே பெரிது. முதலிலேயே வலிமை முழுவதையும் செலவிட்டவன் இடைவழியில் சோர்வான். நாள்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயில்பவனே எல்லையை அடைவான்.

அத்தகைய பொறைக்கு ஈழத்து வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் சான்றாவார். அவர் 1971-இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, தமிழகக் கரை தொட்டு, 51 மணி நேரத்தில் மீண்டார். 1979-இல் கொழும்பில் 187 மணி நேரத்துக்கு மேல் மிதிவண்டி ஓட்டினார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார்.

ஒரு கடலை வென்றவர்க்கும் மறுகடல் புதிதே. குளிரும் நீரோட்டமும் பழைய வெற்றியைக் கேட்டு வழிவிடுவதில்லை. ஆதலின் மாணவர்களே, நாளும் பயிலுங்கள், அளவறிந்து முயலுங்கள்.