புகை தெரியாத எஞ்சின்கள்

சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில், கேஸ் ஆட்டோக்களை மட்டுமே பார்க்கும் பட்டறை அது. உள்ளே நுழைந்ததும் தரையைத்தான் கவனித்தேன். கார் ஷெட்டுகளில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் குழி வெட்டியிருப்பார்கள். இங்கே குழி இல்லை. இந்த வண்டிகளில் ஓடும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளம் தேடிப் படுத்துக்கொள்ளும். அதில் ஒரு பொறி விழுந்தால் போதும். பைப் ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை கிளம்புகிறதா என்று பார்க்கும் வேலையையும் தெருவில் வண்டியை நிறுத்தித்தான் செய்கிறார்கள். பையன்கள் "அண்ணே" என்று கூப்பிடும் மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு குறைவு, கை நிற்பதே இல்லை.

பங்க்கில் ஆட்டோ கேஸ் என்று போடுவது புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தில் அடைத்து வைப்பதால்தான் டேங்கில் திரவமாக இருக்கிறது. வெயிலில் விரிந்துகொள்ள இடம் வேண்டும் என்பதால் டேங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அந்த அளவு வந்ததும் வால்வு தானே மூடிக்கொள்ளும். அங்கிருந்து செம்புக் குழாய் வழியாக ரெடியூசருக்கு வருகிறது. திரவம் ஆவியாகி, அழுத்தம் இறங்கி, எஞ்சின் இழுக்கும் அளவுக்கு அடங்குவது அங்கேதான். ஆவியாகத் தேவையான வெப்பத்தைச் சுற்றியிருக்கும் உலோகத்திலிருந்து உறிஞ்சிக்கொள்வதால், சித்திரை வெயிலிலும் ரெடியூசரின் உடம்பு சில்லிட்டிருந்தது.

மேஸ்திரி ஒரு ரெடியூசரைக் கழற்றி வடித்தார். பழுப்பு நிறத்தில் எண்ணெய்க் கசடு இறங்கியது. கேஸோடு வரும் கனமான மிச்சங்கள் ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. பிறகு டயஃப்ரம் என்கிற ரப்பர் தகட்டை எடுத்து, இரண்டு கட்டை விரல்களாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. ஆனால் விறைத்துப்போயிருந்தது. விறைத்த டயஃப்ரம் கேஸை அளந்து விடாது. தேவைக்கு மேல் கேஸ் போனால் அது முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும்.

"பெட்ரோல் வண்டி தப்பு பண்ணா ஊருக்கே தெரியும் சார், கருப்பா கக்கும். கேஸ் வண்டி தப்பு பண்ணா மிஷின் வெச்சாதான் தெரியும்" என்றார்.

நான் அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சுத்தமான எரிபொருள் என்று நம்பி நாம் ஏறும் ஆட்டோ, டியூனிங் கெட்டுப்போனால் சத்தமில்லாமல் விஷத்தைக் கக்கும்.

இன்னொரு பக்கத்தில் டிரைவர்களின் நெருக்கடி. காத்திருந்த ஒருவர், "கொஞ்சம் இறுக்கி விடுண்ணே, மைலேஜ் வரட்டும்" என்று கெஞ்சினார். கேஸ் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவை இறுக்கினால் கேஸ் குறையும், காற்று மிஞ்சும். எஞ்சின் சூடேறும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும், வால்வு சீட் தேயும். மேஸ்திரி மறுத்துவிட்டார். "இன்னிக்கு மிச்சம் புடிப்ப, அப்புறம் ஹெட்டை இறக்கணும்னு என்கிட்டதான் வருவ." வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கைக் காதால் கேட்டபடி ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினார். ஏற்ற இறக்கம் அடங்கி ஒரே சீராக ஓடியது. ஆனால் காது எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று சொல்லாது. அதை அளக்கும் அனலைசர் அந்தப் பட்டறையில் இல்லை. வாங்கக் கட்டுப்படியாகாது என்றார்.

கேஸ் வண்டிகளைக் கொண்டுவந்தவை புகைக்கு எதிரான விதிகள். டெல்லியின் பேருந்துகளை சிஎன்ஜிக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1998-இல். 2000-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, வண்டிகளில் எல்பிஜி ஓட்ட வழி திறந்தது. அதற்குப் பிறகுதான் சென்னையில் இந்தத் தொழில் வளர்ந்தது. டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் நீலப் புகையில் மூச்சுத் திணறி மவுண்ட் ரோட்டில் நின்றவன் நான். விதிகள் வந்ததற்கு நன்றியுள்ளவன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. இப்போது கேஸ் ஆட்டோ கம்பெனியிலிருந்தே இன்ஜெக்‌ஷன், சென்சார், கம்ப்யூட்டரோடு வருகிறது. திருப்ப ஸ்க்ரூ கிடையாது. பெட்ரோல் வண்டியைக் கேஸுக்கு மாற்றும் கிட்டை வெளியில் பொருத்துவதென்றால் அந்தக் கிட்டுக்குப் பரிசோதனை நிலையத்தின் ஒப்புதல் வேண்டும், ஆர்சியில் பதிய வேண்டும். பிஎஸ்-6 பெட்ரோல் வண்டிகளில் கிட் பொருத்துவதற்கான விதியே 2022-இல்தான் வந்தது. ஒப்புதல் 3 ஆண்டுதான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பெரிய கிட் கம்பெனிகள் இதைத் தாங்கும். சந்துப் பட்டறைக்கு மிஞ்சுவது பழைய வண்டிகளின் பராமரிப்பு மட்டும்.

அந்தப் பராமரிப்பைத்தான் விதி கண்டுகொள்வதில்லை. பரிசோதனை நிலையத்தில் புதுக் கிட்டை அளக்கிறார்கள். சில வருஷம் ஓடி விறைத்துப்போன டயஃப்ரத்தை யாரும் அளப்பதில்லை. 2000-க்குப் பிந்தைய பழைய ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோக்களுக்கு ஐட்லிங்கில் 3.5 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு இருக்கலாம் என்பதே தாராளமான வரம்பு. அதையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. குழாயைச் சைலன்சருக்குள் விடாமலே புகைச் சான்று கைக்கு வருவதை நானே ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். இதைவிட மோசமானது, வீட்டு சிலிண்டரிலிருந்து வண்டிக்குக் கேஸ் மாற்றும் திருட்டு வேலை. அது சட்டப்படி குற்றம், உயிருக்கே உலை வைப்பது. அப்படி நிரப்பிய வண்டியைத் தொடவே மாட்டேன் என்கிறார் மேஸ்திரி. அவரிடம் தொழில் பழகிய பையன்கள் சிலர் பேட்டரி வண்டி ஷோரூம்களுக்குப் போய்விட்டார்கள். போகட்டும், நல்ல வேலைதான். ஆனால் இப்போது ஓடும் கேஸ் ஆட்டோக்கள் இன்னும் பல வருஷம் ஓடும். அவற்றின் டயஃப்ரத்தை இழுத்துப் பார்க்கத் தெரிந்த கைகள் வேண்டும்.

ஆட்டோவில் ஏறியதும் கேஸ் வாடை அடித்தால் தயங்காமல் டிரைவரிடம் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். கசிவைக் காட்டிக்கொடுக்கவே அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். போக்குவரத்துத் துறைக்கும் ஐடிஐகளுக்கும் ஒரு கோரிக்கை. இந்தப் பட்டறைகளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள். மேஸ்திரிகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுங்கள்; பேட்டைக்கு ஒரு பொது அனலைசராவது வையுங்கள்; எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கு வரும் ஒவ்வொரு கேஸ் வண்டியிலும் ரெடியூசரைப் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பை இவர்களிடம் ஒப்படையுங்கள்.