நிக்க மறந்த உடம்பு

சுபான்ஷு சுக்லா 2025 ஜூலையில பூமிக்குத் திரும்பினப்புறம் போட்ட வீடியோவைப் பாத்தீங்களா மக்களே? சர்வதேச விண்வெளி நிலையத்துல 18 நாள் இருந்துட்டு வந்த விமானப்படை பைலட், மத்தவங்க துணையோட நடை பழகுறார்!

எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்துச்சு. டைபாய்டுல மூணு வாரம் கட்டில்ல கெடந்துட்டு மொதல்ல எந்திரிச்சு நின்னப்ப, கண்ணு இருட்டி என்மேல சாஞ்சிருச்சு. "நிக்கிறது ஒடம்புக்கு மறந்துபோச்சுடா"ன்னுச்சு. விஞ்ஞானிகளும் இதையேதான் கொஞ்சம் நீட்டி முழக்கி சொல்றாங்க :-)

நாம நின்னா ரத்தம் காலுக்கு எறங்கும். குழாய் சுருங்கி, இதயம் வேகமா அடிச்சு அதை மேல ஏத்தணும். விண்வெளியில எடை தெரியாததால ரத்தம் நெஞ்சுக்கும் தலைக்கும் ஏறிக்குது. 'தண்ணி ஜாஸ்தி'ன்னு நெனச்சு உடம்பு குறைச்சுடுது. திரும்பி வந்து நின்னா தலைக்குப் பத்தாது. கிர்ர்ர்... அதான் எறங்குறதுக்கு முன்னாடி உப்பும் தண்ணியும் குடிக்க வைக்கிறாங்க, காலை இறுக்குற உடையும் மாட்டுறாங்க.

சரி, எடையை அங்கேயே உண்டாக்கினா? வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுல சுத்துற ராட்டினத்துல உக்காந்தா வெளிப்பக்கமா தள்ளும்ல, அதே சங்கதிதான். 7 மீட்டர் ஆரமுள்ள ராட்டினத்தை விண்வெளியில நிமிஷத்துக்கு 11 சுத்துக்குக் கொஞ்சம் மேல விட்டா, விளிம்புல பூமி எடை கெடைச்சுடும். ஆனா அந்த வேகத்துல தலையைத் திருப்பினா கொடலு வாய்க்கு வந்துடும். 2 சுத்து போதும்னா ஆரம் 220 மீட்டருக்கு மேல வேணும். யாரு கட்டுறது?

1998ல கொலம்பியா ஓடத்துல 'நியூரோலேப்'னு 16 நாள் பயணம். காதையும் கண்ணையும் சோதிக்க நாலு பேரை ஒரு சின்ன சுழல் நாற்காலியில வெச்சு சுத்தினாங்க. திரும்பினதும் மேசையில படுக்க வெச்சு நிமிர்த்திப் பாத்தா, நாலு பேருக்குமே மயக்கம் வரலை! உள்காதுல இருக்குற பொடிக்கல்லுங்களும் 'நிக்கிறோம், குழாயைச் சுருக்கு'ன்னு சேதி அனுப்புதாம். அந்தப் பழக்கம் விட்டுப்போகாம சுழற்சி காப்பாத்தியிருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் ஊகம். நாலே பேரை வெச்சு முடிவு கட்ட முடியாதுங்கறதும் உண்மை.

2019ல ஜெர்மனி கொலோன்ல 24 பேரை, தலைமாட்டை 6 டிகிரி தாழ்த்தி 60 நாள் படுக்க வெச்சாங்க. விண்வெளிக்குப் பதிலா கட்டில்! அதுல 16 பேருக்கு தினம் 30 நிமிஷம் சுத்தல்.

செவ்வாய்க்குப் போக ஆறேழு மாசம். அங்க எறங்கினா கைபிடிச்சு நடத்த ஆள் கெடையாது. தெம்பு வர்றவரைக்கும் ஓடத்துக்குள்ளயே கெடக்கணும், இல்லைன்னா வழியெல்லாம் சுத்திக்கிட்டே போகணும். வீரபாண்டி ராட்டினக்காரங்க இப்பவே விண்ணப்பம் போட்டு வைக்கலாம் ;-)