கடவுளுக்கு முத்திரைத்தாளில் ஒரு மனு

குமாவூன் மலையில் ஒரு கோயில். அங்கே வேண்டுதல் என்பது பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம்.

காற்று வீசினால் சிதயி கோயிலில் இரண்டு ஓசைகள் எழும்புகின்றன. ஒன்று மணியோசை. இன்னொன்று காகிதங்கள் படபடக்கும் சத்தம். நுழைவாயிலிலிருந்து சன்னதி வரை கட்ட இடமிருக்கும் கம்பியெல்லாம் மணிகள். உள்ளங்கையில் அடங்குபவை முதல், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியவை வரை. அவற்றின் இடுக்குகளில் நூலால் கட்டித் தொங்கவிட்ட மனுக்கள். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்களும் உண்டு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதைப் போல முத்திரைத்தாளில் எழுதியவையும் உண்டு.

உத்தராகண்ட் மாநிலத்தில், அல்மோராவிலிருந்து பித்தோராகட் போகும் சாலையில் சுமார் 8 கி.மீ. தொலைவில் இருக்கிறது சிதயி. கோயில் சிறியது. பைன் மரங்களுக்கு நடுவே, சாலையோரமாகவே அமைந்தது. உள்ளே இருப்பவர் கோலு தேவதா. வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைக் குதிரை. குமாவூன் மக்கள் அவரை ‘நியாயத்தின் தெய்வம்’ என்கிறார்கள். மற்ற தெய்வங்களிடம் வரம் கேட்பவர்கள் இவரிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள்.

மனுவின் வடிவமும் அதற்கேற்றபடிதான். மேலே தெய்வத்தின் பெயர். கீழே மனுதாரரின் பெயர், ஊர். பிறகு விவரம்: பங்காளி நிலத்தின் வரப்பைத் தள்ளிப் போட்டது, கணவனின் குடி, இழுத்துக்கொண்டே போகும் வழக்கு, கைக்கு வராத வேலை, பிறக்காத பிள்ளை. கடைசியில் கோரிக்கை, கையெழுத்து. நேரில் வர முடியாதவர்கள் தபாலில் அனுப்புகிறார்கள். வக்கீல் கிடையாது, கட்டணம் கிடையாது. காரியம் கைகூடினால் ஒரு மணி கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நிபந்தனை ஒன்று மட்டும் உண்டு. எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். பொய் மனு போட்டால் அது போட்டவர் மீதே திரும்பும் என்பது மலைவாசிகளின் உறுதியான நம்பிக்கை. கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் முணுமுணுப்பதில் கொஞ்சம் கூட்டவும் குறைக்கவும் இடமுண்டு. பெயர் போட்டு எழுதும்போது அது முடிவதில்லை. ‘அண்ணன் என் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான்’ என்று எழுத உட்காருகிறவருக்கு, அண்ணனிடம் தான் வாங்கித் திருப்பிக் கொடுக்காததும் கூடவே நினைவுக்கு வரும். அதை எழுதுவதா, விடுவதா? கட்டப்போகும் தாளோ ஊரே பார்க்கத் திறந்து தொங்கும். உண்மையான மனதோடு கடவுளை அழைப்பது என்று எல்லா மதங்களும் சொல்வது, சிதயியில் இந்தச் சங்கடமான கணத்தைத்தான் குறிக்கிறது.

கோலுவிடம் ஏன் இந்தக் கண்டிப்பு? அவர் கதையே பொய்சாட்சியில் தொடங்குகிறது. சம்பாவத் பகுதியை ஆண்ட மன்னன் ஜால்ராயின் இளைய ராணி காளிங்காவுக்குப் பிறந்தவர் அவர். பொறாமை கொண்ட மூத்த ராணிகள் குழந்தையை அகற்றிவிட்டு, தாயின் பக்கத்தில் அம்மிக்கல்லை வைத்து, ‘நீ பெற்றது இதைத்தான்’ என்றார்கள். குழந்தையைப் பெட்டியில் அடைத்து ஆற்றில் விட்டார்கள். மீனவர் ஒருவர் எடுத்து வளர்த்தார். வளர்ந்த பையன் ஒருநாள், ராணிகள் இருந்த நீர்த்துறையில் மரக்குதிரைக்குத் தண்ணீர் காட்டினான். மரக்குதிரை எங்கே தண்ணீர் குடிக்கும் என்று சிரித்தார்கள் ராணிகள். பெண் கல்லைப் பெறுவாள் என்றால் மரக்குதிரையும் தண்ணீர் குடிக்கும் என்றான் பையன். உண்மை வெளிவந்தது. பின்னாளில் அரசனாகி, குதிரையேறி ஊர் ஊராகப் போய் வழக்குத் தீர்த்தவர் தெய்வமானார் என்று கதை முடிகிறது.

இந்தக் கதையை இரவு முழுக்கப் பாடும் சடங்கும் உண்டு. பெயர் ஜாகர். ‘விழிக்கச் செய்தல்’ என்று பொருள். ஜகரியா எனப்படும் பாடகர் ஹுட்கா என்ற சிறு மேளத்தைத் தட்டிப் பாடப்பாட, டங்கரியா எனப்படும் சாமியாடி மீது தெய்வம் இறங்கும். குடும்பத்தார் குறையைச் சொல்வார்கள். தெய்வமும் திருப்பிக் கேள்வி கேட்கும். உறவினரும் அண்டை வீட்டாரும் சுற்றி அமர்ந்திருக்க, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே குரல், இங்கே காகிதம். கேட்கப்படுவது என்னவோ ஒன்றுதான்.

மனிதர்களின் நீதிமன்றம் இந்த மலைக்கு வெகுதூரத்தில் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 2000 நவம்பர் 9-இல் தனி மாநிலம் பிறந்து, நைனிதாலில் உயர்நீதிமன்றம் வரும்வரை, மேல்முறையீட்டுக்கு அலகாபாத் போக வேண்டும். பேருந்துச் செலவுக்கே ஆட்டை விற்க வேண்டிய விவசாயிக்கு, நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரே மேல்கோர்ட் கோலுதான். இப்போது நைனிதால் பக்கத்தில் வந்துவிட்டது. மனுக்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2001-க்கும் 2011-க்கும் இடையே மக்கள்தொகை குறைந்துபோன மாவட்டம் அல்மோரா. பிழைப்புத் தேடி இளைஞர்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். பூட்டிய வீடுகள், கவனிப்பாரற்ற வயல்கள், தனித்துவிடப்பட்ட பெற்றோர். எந்தச் சட்டப் பிரிவில் இவற்றுக்கு வழக்குப் போடுவது?

எல்லா மனுவுக்கும் பலன் உண்டா? மணிகளை எண்ணுகிறவர்கள் கிடைத்தவர்களைத்தான் எண்ணுகிறார்கள். கிடைக்காதவர்கள் எதையும் கட்டிவிட்டுப் போவதில்லை. ஆனாலும் மனுவைக் கட்டிவிட்டு வெளியே வந்து, தேநீர்க் கடை பெஞ்சில் உட்காருகிறவர்களின் முகத்தில் ஒரு தளர்வு தெரிகிறது. வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாததை ஒருமுறை கூட்டாமல் குறைக்காமல் எழுதியாகிவிட்டது. அதுவே பாதி வழக்குத் தீர்ந்த மாதிரி.

மழைக்காலத்தில் மை கரைகிறது. பழைய தாள்கள் போய்ப் புதியவை இடம்பிடிக்கின்றன. தீர்ப்பு வரும் தேதி எந்தத் தாளிலும் இல்லை. மனுதாரரின் பெயரும் ஊரும் இருக்கின்றன.