கலங்கிய நீரும் கலங்கிய மனமும்



சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், என் மகளின் நெடுநாள் ஆசைக்கு இணங்கி, கூலிமிலிருந்து இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தேன். ஏறத்தாழ 50 லிட்டர் நீர் கொள்ளும். ஆறு கப்பி மீன்களை விட்டோம். லூனாஸில் உள்ள எங்கள் சிறிய வரவேற்பறைக்கே ஒரு புதுப்பொலிவு வந்துவிட்டது. உணவிடும் பொறுப்பை மூன்றாம் ஆண்டில் பயிலும் மகளிடம் ஒப்படைத்தேன்.

நான்காம் நாள் காலையில் நீர், அரிசி கழுவிய நீர்போல் வெளுத்துக் கலங்கியிருந்தது. உடனே முழு நீரையும் வெளியேற்றினேன். கற்களைத் தேய்த்தேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் வைத்து, அது வெளுக்கும்வரை பிழிந்தேன். அன்று தொட்டி பளிங்குபோல் இருந்தது. இரண்டு நாளில் மீண்டும் கலங்கியது. மீண்டும் கழுவினேன். மூன்றாம் முறை கழுவிய மறுநாள், மூன்று மீன்கள் இறந்து மிதந்தன.

“அளவில்லாமல் தீனி போட்டுக் கொன்றுவிட்டாயே!” என்று மகளைக் கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. அதன்பின் தொட்டியின் பக்கமே போகவில்லை.

மறுவாரம் மீன் கடைக்குச் சென்று நடந்ததைக் கூறினேன். கடைக்காரரான சீனப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சிகு, பஞ்சை எந்த நீரில் கழுவினீர்கள்?” என்று மலாயில் வினவினார். குழாய் நீரில் என்றேன். அவர் தலையசைத்துச் சிரித்தார். பிறகு அவர் விளக்கியதையும் நான் படித்தறிந்ததையும் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

மீனின் கழிவும் எஞ்சிய தீனியும் அம்மோனியாவைத் தருகின்றன. அது மீனுக்கு நஞ்சு. சில பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறு சில அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெரும்பாலும் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டியில் இவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். நீரை வெளுக்கச் செய்பவை வேறு பாக்டீரியாக்கள். அவை மிஞ்சிய தீனியை உண்டு நீரிலேயே விரைவாகப் பெருகுபவை. உணவு குறைந்தால் தாமே அடங்கிவிடும். நானோ குளோரின் கலந்த குழாய் நீரால் நல்லவற்றை ஒவ்வொரு முறையும் அழித்து, தொட்டியை முதல் நாளுக்கே திருப்பிக் கொண்டிருந்தேன்!

இக்கலங்கல் எனக்கு மட்டும் வந்த சோதனை அன்று. 1849-இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் ஒரு கலத்தில் பொன்மீன்களையும் நீர்த்தாவரத்தையும் வைத்தார். அழுகிய இலைகளால் நீர் கெட்டது. அவர் அவ்விலைகளை உண்ணும் நத்தைகளைச் சேர்த்தார், நீர் தெளிந்தது. 1850-இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன், அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரு கட்டங்களில் நிகழ்கிறது என்பதைப் பின்னாளில் ஆய்ந்து காட்டினார். தந்தையின் தொட்டியிலும் நடந்த வேலை அதுதான்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பயன்படும் சில குறிப்புகள்:

1. நீர் வெளுத்தால் முழு நீரையும் மாற்றாதீர்கள். கால் பங்கு மட்டும் மாற்றுங்கள்.

2. ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமின் அவ்வாறு நீங்காது. அதற்குக் கடையில் கிடைக்கும் நீர் மருந்து தேவை.

3. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாக அலசுங்கள்.

4. இரண்டு நிமிடத்தில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவே தீனி இடுங்கள்.

5. காற்றுக் குழாயை நிறுத்தாதீர்கள். கலங்கிய நீரில் உயிர்வளி குறையும்.

6. நீர் பச்சையாக மாறினால் காரணம் பாசி. தொட்டியை வெயில் படாத இடத்திற்கு மாற்றுங்கள்.

நான்காம் குறிப்பை எழுதும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் ஒரு சிறு கரண்டி என்று அளவு காட்டியவன் நானே. மகள் அதை ஒரு நாளும் மீறவில்லை. கடையிலிருந்து திரும்பும் வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. வீட்டிற்கு வந்ததும் அவளை அழைத்து, தவறு என்னுடையது என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு அப்பவே தெரியும் அப்பா” என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு நா எழவில்லை. இருபத்தைந்து பிள்ளைகள் அமர்ந்திருக்கும் என் வகுப்பறையை எண்ணிக்கொண்டேன்.

பின்னர் இருவரும் தொட்டியில் கைவைக்காமல் காத்திருந்தோம். அவள் ஒரு பயிற்றுப் புத்தகத்தில் நாள்தோறும் நீரின் நிறத்தைக் குறித்து வந்தாள். பத்தொன்பதாம் நாள் குறிப்பில், ‘பின்னால் உள்ள சுவர் தெரிகிறது’ என்று எழுதியிருந்தாள். எஞ்சிய மூன்று மீன்களும் நலமாக உள்ளன. தீனி இடுவது இப்போதும் அவள்தான்.