ஓட்டத்துக்கு நடுவே உட்காரலாமா?

போன வாரம் வரை எங்கள் வீட்டில் இது தினசரிப் பட்டிமன்றம். 14 வயது மகள் மைதானத்தில் 400 மீட்டர் வேகமாக ஓடுவாள். பயிற்சியாளர் நிற்க விடாமல், அடுத்த 200 மீட்டரை மெள்ள ஓடச் சொல்வார். மறுபடி 400. "ஏண்டி, குழந்தையைச் செத்த உட்கார விடப்படாதா?" என்பார் என் மாமியார்.

செக்கோஸ்லோவாகிய வீரர் எமில் ஜாடோபெக் இப்படிப் பழகியவர்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் அவருக்கே தங்கம்! மெள்ள ஓடிக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் சேர்ந்த லாக்டேட்டைத் தசைகளே எரிபொருளாக்கிச் சீக்கிரம் செலவழித்துவிடும்.

ஆனால் மாமியார் கட்சியும் தோற்கவில்லை. பத்துப் பதினைந்து விநாடி முழுவேக ஓட்டங்களானால், நடுவில் சும்மா நிற்பதே மேல். கிரியேட்டின் பாஸ்பேட் என்பது தசையின் அஞ்சறைப் பெட்டிக் காசு. அது மறுபடி சேர ஆக்சிஜன் வேண்டும்; கால் அசைந்துகொண்டிருந்தால் அதுவும் பங்கு கேட்குமே!

என் கவலை வேறே. இரண்டு முறையிலும் இவள் துவண்டு போனாள், முகமும் வெளுப்பு. ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 10.2தான். மாதவிலக்கு தொடங்கிய பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜமாம். டாக்டர் மாத்திரை எழுதி, வேக ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டார். பயிற்சியாளரிடம் நானே போய்ச் சொன்னேன்.

மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. மகள் என்னோடு பேசுவதில்லை.