உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறாரா?

2020 மார்ச் கடைசி நாள் எனக்கு வேலை போச்சு. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்குமே, அந்தப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிற வேலை. மாதம் 12,000. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் போனில், "நிலைமை சரியானா கூப்பிடறோம்மா" என்றார். கூப்பிடவில்லை.

எங்கள் வீடு முகத்துவாரக்குப்பத்தில். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம். அவர் ஃபைபர் போட்டில் போகிறவர். சில வாரத்தில் கடலுக்குப் போக விட்டதும் கிளம்பிவிட்டார். அதனால் ஊருக்குள் என் வேலை போனது ஒரு செய்தியாகவே இல்லை. அத்தை சொன்னார்: "உம்புருசன் கடலுக்குப் போய்க்கினுதானே கீறான். உனுக்கு இன்னா கொறச்ச?"

குறை என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்மல் அடகுக்குப் போனது. சோப்பு வாங்க, போன் ரீசார்ஜ் பண்ண, எல்லாத்துக்கும் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் முகம் சுளிக்காமல்தான் கொடுப்பார். கேட்பதற்கு முன்னால் நான்தான் இரண்டு தடவை யோசிப்பேன்.

முதலில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ஞாபகம் வந்தது. டிகிரி முடித்ததும் பதிந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தருகிற உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 6,000. மீன் நன்றாகக் கிடைக்கிற மாதம் அவர் அதைத் தாண்டிவிடுவார். அவர் வலையில் விழுவதை வைத்து எனக்கு வேலை இருக்கா இல்லையா என்று முடிவாகிறது.

அந்த ஆகஸ்டில், கூட வேலை பார்த்த அக்கா போன் பண்ணினார். "நம்ம சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிச்சாங்களே, அதுல பணம் தர்றாங்களாம்." அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் வந்த திட்டம். வேலை இழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் கால்பங்கு, அதிகபட்சம் 90 நாளுக்கு, ஆயுளில் ஒரே ஒரு தடவை. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24 முதல் வேலை இழந்தவர்களுக்கு அதைப் பாதியாக உயர்த்தியிருந்தார்கள். முதலாளி வழியாகப் போக வேண்டாம், நாமே விண்ணப்பிக்கலாம் என்றும் ஆக்கியிருந்தார்கள்.

என் முதல் கேள்வி: "அக்கா, அவரு வேலைக்குப் போறாரே, எனக்குத் தருவாங்களா?"

"நீ கட்டினியா, உம்புருசன் கட்டினாரா?"

அன்று ராத்திரி தகுதி விதிகளைப் படித்தேன். எத்தனை வருஷம் காப்பீட்டில் இருந்தேன், எத்தனை நாள் சந்தா கட்டினேன், இதுதான் இருந்தது. கணவர் சம்பாதிக்கிறாரா என்று ஒரு வரி கூட இல்லை. ஏனென்றால் இது காப்பீடு. என் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், 90 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். மூன்று வருஷம் நான் கட்டியதை எல்லாம் கூட்டினாலும் ஏழாயிரத்தைத் தாண்டாது. வேலை போகாதவர்கள் கட்டியதும் சேர்ந்துதான் எனக்கு வரும். நாளை அவர்களுக்கு என்னுடையதும் சேர்ந்து போகும்.

இந்தக் கேள்வி நம்ம ஊரில் மட்டும் இல்லை. 1931-ல் பிரிட்டனில் காப்பீட்டுப் பணம் தீர்ந்த வேலையற்றவர்களுக்கு உதவி கொடுக்கும்போது, வீட்டில் இருக்கிற மற்றவர்களின் சம்பளத்தையும் கணக்குப் பார்த்துக் கழித்தார்கள். அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார். மகள் வேலைக்குப் போனால் அப்பாவுக்குக் குறையும். வீடுகளுக்குள் சண்டை வந்தது. 1941-ல்தான் அந்தக் குடும்பக் கணக்கை ஒழித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் சண்டை வந்தது. பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும் என்றதும் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஊர்ல இன்னா நெனப்பாங்க? நா சோறு போடலன்னுதான?"

"இது சோத்துக்கு இல்ல. நான் வேலை பாத்ததுக்கு."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, "ஆதார் எடுத்துக்கினியா?" என்றார்.

20 ரூபாய் முத்திரைத்தாளில், நான் எங்கும் வேலையில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டைப் அடித்தவர் நிமிர்ந்து, "வீட்டுக்காரர் வேலைக்குப் போறாராம்மா?" என்றார். "போறாரு. அது இதுல கேக்கலண்ணா" என்றேன். வாசலில் நின்றிருந்தவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இரண்டு வருஷச் சம்பளத்தை 730 நாளால் வகுத்து, அதில் பாதி. நாளுக்கு 197 ரூபாய் சொச்சம். 90 நாளுக்கு 17,700-க்குக் கொஞ்சம் மேலே. என் கணக்கில் வந்தது. கம்மலை மீட்டேன். மிச்சத்தில் ஒரு பகுதி அவர் வலைக்குப் போனது. கொடுத்தது நான்.

அடுத்த வருஷம் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 5,000 வந்தது. குடும்பத்துக்கு ஒன்று. அவர் கணக்கில்தான் விழும்.

"இது யாரோடது?" என்று கேட்டேன்.

"நம்மளுதுதான்."

"அப்போ அன்னிக்கி வந்தது?"

கொஞ்ச நேரம் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"அது உன்னுது" என்றார்.